தாது வருஷத்துப் பிள்ளைகள்

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 2013-இல் வந்த நாவல். நான் படித்தது தாமதமாகத்தான். 1870-களின் சென்னை, ஐஸ் ஹவுஸில் பனிக்கட்டி சுமக்கும் தொழிலாளர்கள், ஏய்டன் என்ற அயர்லாந்துக்காரப் போலீஸ் அதிகாரி. அவன் செங்கல்பட்டுப் பக்கம் போய்ப் பஞ்சத்தில் மடிந்து கிடக்கும் ஜனங்களைப் பார்க்கும் இடத்தைத் தாண்ட எனக்கு நாலைந்து நாள் பிடித்தது. கதை அவனோடு சென்னைக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி நின்றுவிட்டது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சிய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் 'தாது வருஷப் பஞ்சம்' இதுதான். 1876 சித்திரையில் பிறந்தது தாது வருஷம். அந்த ஆண்டு மழை பொய்த்தது. கொடுமை 1878 வரை இழுத்தது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. (தனி மாவட்டமானது 1965-இல்தானே!) 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் பாதி, ஊரை விட்டுப் போனவர்கள் பாதி என்று யாரும் சமாதானம் சொல்லலாம். கைக்குழந்தை தானாக எங்கே போகும்?

பழைய ஆவணங்களில் குழந்தையைத் தேடினால் அது முதலில் அகப்படுவது அளவுக் கணக்கில்தான். 1877 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாளெல்லாம் மண் சுமப்பவனுக்கு அது. வேலை செய்யும் சிறுவர்களுக்கு அதிலும் குறைத்து. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்த அளவில் உடம்பு நிற்காது என்று வாதாடினார். மே மாதம் சென்னை அரசு அளவைக் கூட்டியது. இடைப்பட்ட நாலு மாதத்தை யோசித்துப் பாருங்கள். தாய்க்கே சோறில்லை என்றால் பால் ஏது? மடியில் இருக்கும் பிள்ளைக்குத் தானியத்தை நிறுத்துக் கொடுத்து என்ன பயன்?

கஞ்சித் தொட்டி என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பஞ்சத்திலேயே குழந்தைகளுக்கென்று தனி ஏற்பாடும் நடந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. 1877 ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் போட்டு இங்கிலாந்துக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். லண்டன் மேயர் பெயரில் வசூல் தொடங்கியது. கடைசியில் சுமார் 8 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அந்த நிதியின் கௌரவச் செயலாளர் வில்லியம் டிக்பி, 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர். 1878-இல் இரண்டு பாகமாகப் பஞ்ச வரலாறு எழுதினார். குடியானவர்களுக்கு விதை, மாடு, வீடு, துணி என்று நிதி செலவானது. அனாதைப் பிள்ளைகளின் பராமரிப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. சில ஊர்களில் பகல் நேரக் குழந்தைக் காப்பகங்கள் நடத்திச் சிறு பிள்ளைகளுக்குத் தனியாக ஆகாரம் கொடுத்திருக்கிறார்கள். பால்வாடிக்கு இப்படி ஒரு முன்னோடி இருந்திருக்கிறது!

பசி அடங்கியதும் அடுத்த சிக்கல். மழை பெய்து முகாம்களைக் கலைத்தபோது ஊருக்குத் திரும்ப யாருமில்லாத பிள்ளைகள் இருந்தார்கள். அன்று அனாதை இல்லம் என்றால் பெரும்பாலும் மிஷன்காரர்களுடையது. குழந்தை யாருடையது, எந்த மதத்தில் வளர வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 1880-இல் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதன் பிறகு வந்த பஞ்ச விதித் தொகுப்புகளில் அனாதைக் குழந்தைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கும் இடம் கிடைத்தது. அரசாங்கம் 'இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு' என்று எழுத்தில் சொல்லக் கற்றுக்கொண்டது அந்தப் பிணங்களின் மேல் நின்றுதான் என்பது என் எண்ணம்.

தென்னாட்டில் பஞ்சத்தில் அலைந்து தாய் தகப்பனை இழந்த ஒரு பெண்தான் பின்னாளில் பண்டித ரமாபாய். 1897-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அவரே நேரில் போய் நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளை அழைத்து வந்து, புனே அருகே கேட்காவில் வளர்த்தார். சோறில்லாத குழந்தையின் மனசு அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊரில் பஞ்சத்தின் தடயம் இரும்பில்தான் மிஞ்சியது. 1906-இல் ஓடத் தொடங்கிய மொரப்பூர்–தர்மபுரி சின்ன ரயில் பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர என்றே போட்ட பாதை. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் அதையும் நிறுத்தினார்கள். ரயில் திரும்ப வேண்டும் என்று மனுப் போடுகிறோமே, அது எதற்காக முதலில் வந்தது என்று பேசுவதில்லை.

1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கி, பிறகு தர்மபுரிக்கும் வந்தது நம் கண்முன் நடந்தது. அதைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. தாது வருஷத்துப் பிள்ளைகளைப் பற்றி இல்லை. உங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு பூட்டனோ பூட்டியோ 'பஞ்சத்தில் எடுத்து வளர்த்த பிள்ளை' என்று பேச்சு உண்டா? பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து நண்பர்களே, வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்துக் கேட்டு எழுதி வையுங்கள்.