கனவுநிலையும் நல்லிறுதியும்

இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் ஓர் இறப்பின் நினைவாக எழுந்தது. 1714-ஆம் ஆண்டிற் செஞ்சித் தேசிங்குராசன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது மாய்ந்தான். அவன் தேவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவு நிலைபெறும்பொருட்டுப் பாலாற்றின் வடகரைக்கண் அமைந்த பேட்டைக்கு நவாபு இப்பெயரிட்டான் என்பது வழிவழி வருஞ் செய்தி. துயரத்தின் வேகத்தால் உயிர் துறத்தலை உலகம் வியந்து பேசும். அவ்வழக்கம் பின்னாளிற் சட்டத்தால் விலக்கப்பட்டது, விலக்கப்பட்டதும் நன்றே. சைவநூல்கள் நல்லிறுதி எனக் கொள்வது அதுவன்று. உடம்பை விடும்பொழுது உயிர் எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே அவை ஆராயும் பொருளாம்.

இறப்பினை விளக்கப் புகுந்த சித்தாந்த ஆசிரியர்கள் கனவினை உவமையாக எடுத்தாண்டமை நோக்கற்பாலது. பாம்பு தோலுரித்தலும், யோகி தன்னுடல் விட்டுப் பிறிதோருடல் புகுதலும், நனவு நீங்கிக் கனவு எய்துதலும் உயிர் உடம்பு மாறுதற்கு உவமைகளாகச் சிவஞான சித்தியாரிற் கூறப்படும். நனவிற் புருவநடுவே முப்பத்தைந்து கருவிகளோடு நின்ற உயிர், கனவிற் கண்டத்தில் இருபத்தைந்து கருவிகளோடு நிற்கும் என்ப. ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஆண்டு ஒழிந்தன. புறக்கருவிகள் ஓயவே, அகத்தே ஈட்டிவைத்தன மேலெழுந்து தோன்றும். நோயால் மெலிந்து கண்ணுஞ் செவியும் தளர்ந்தார்க்குக் கனவு மிகுதற்குரிய காரணம் இதனாற் புலனாம். ஆகலின் அக்கனவு பிதற்றலென்று எள்ளத்தக்கதன்று. அவர் உள்ளம் யாண்டு நிற்கின்றது என்பதைப் பக்கத்தே இருப்பார்க்கு அது காட்டும்.

கனவு நோயாளர்க்கேயன்றி அவரைப் பேணுவார்க்கும் துணையாதல் உண்டு. திலகவதியார் வரலாறு இதற்குத் தக்க சான்றாம். தம்பியார் புறச்சமயம் புக்கமைக்கு வருந்தி, அம்மையார் திருவதிகை வீரட்டானத்து இறைவன்பால் முறையிட்டார். பெருமான் கனவில் எழுந்தருளி, அவர் முன்னைத் தவத்தை உணர்த்திச் சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் என்று அருளினன் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். பின்பு நோயால் நைந்து தம்பியார் வந்து அடிவீழ்ந்தபோது அம்மையார் கலங்கவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு நல்கி, அவரைத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். கனவிற் பெற்ற உறுதி நனவிற் பணிவிடையாக மலர்ந்தது. அத்தம்பியாரே திருநாவுக்கரசு நாயனார். அவர் முதுமையெய்தித் தம் இறுதியை முன்னரே உணர்ந்து, திருப்புகலூரில் அச்சமின்றித் திருவடி சேர்ந்தனர்.

இனி, அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஆராயத்தக்கது. 1922-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையும் திருவண்ணாமலையும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தின்கண் இருந்தன. அருணாசலத்தில் உறைந்த இரமண மகரிஷிகளின் அன்னையார் அழகம்மையார் 1916-ஆம் ஆண்டு முதல் மகனாரோடு தங்கியிருந்தார். அதற்கு முன்னர் 1914-இல், மலைமீதுள்ள விரூபாட்சக் குகைக்கு வந்திருந்த அன்னையார் கடுஞ்சுரத்தால் நலிந்தபோது, அவர் பிழைக்க வேண்டி மகரிஷிகள் அருணாசலேசுவரரை நான்கு பாடல்களால் வேண்டினர், அன்னையார் நலம்பெற்றார். ஆயின் 1922 மே 19, வெள்ளிக்கிழமை இறுதி நெருங்கியபோது அவர் உடல் நிலைத்தலை வேண்டினாரல்லர். வலக்கையை அன்னையார் மார்பின்மீதும் இடக்கையைத் தலைமீதும் வைத்து, காலை தொடங்கி இரவு எட்டுமணி வரை உடனிருந்தனர். அடியவர் சிலர் வேதம் ஓதினர். சிலர் இராமநாமம் செபித்தனர்.

அப்பொழுது அன்னையார் உள்ளத்தே பழைய வாசனைகள் காட்சி காட்சியாகக் கிளர்ந்தன என்றும், வரும் பிறவிகளில் நுகரற்பாலன அகத்தே நுகரப்பட்டு ஒழிந்தன என்றும் மகரிஷிகள் பின்னர்க் கூறினர். இதற்கு முன்னர்ப் பழனிசுவாமி என்னும் தொண்டர் இறுதியிலும் அவர் இவ்வாறே கைவைத்திருந்தனர். முடிந்ததென்று எண்ணிக் கையை எடுத்த அளவில் தொண்டரின் கண்கள் திறந்தன. அதனால் அன்னையார்க்கு மூச்சு நின்ற பின்னும் சிறிது நேரம் கையை எடாதிருந்தனர். அன்னையார் திருமேனி எரியூட்டப்படாது மலையடிவாரத்திற் சமாதி செய்யப்பட்டது. அவ்விடத்தெழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949 மார்ச்சு 17-ஆம் நாள் கும்பாபிடேகம் நடந்தது.

முத்தி பற்றிய முடிபில் மகரிஷிகள் கொள்கைக்கும் சித்தாந்தத்துக்கும் வேற்றுமை உண்டு. வாசனை ஒடுங்குதல் திருவருளானன்றி ஆகாது என்பர் சைவர். அவ்வேற்றுமையை ஈண்டு விரித்தல் வேண்டா. பிழைக்க வேண்டுங்கால் பிழைக்கவும், போகவேண்டுங்கால் நன்கு போகவும் துணைநின்ற மகனாரின் பணிவிடை எக்கொள்கையினரும் கொள்ளத்தக்கது. அகத்தே எழும் காட்சிகளை அவர் தடுத்தாருமல்லர். ஆராய்ந்து பலன் கூறினாருமல்லர். அவை அடங்குமளவும் உடனிருந்தார்.

மேனாட்டு மருத்துவரும் இப்பொழுது இதனைக் கருதத் தொடங்கியுள்ளனர். 1967-இல் சிசிலி சாண்டர்சு என்னும் அம்மையார் இலண்டனில் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம், தீரா நோயாளரின் உடல்நோவோடு மனநோவையும் ஆன்மநோவையும் தணித்தலைக் கடனாகக் கொண்டது. அமெரிக்க நாட்டுப் பஃபலோ நகரத்து அத்தகைய இல்லமொன்றில் 59 நோயாளரை நாடோறும் வினவி ஆராய்ந்த முடிபு 2014-இல் வெளிவந்தது. அவருள் 88 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் கனவோ காட்சியோ கண்டதாகக் கூறினர். இறுதி அணுக அணுக, இறந்த சுற்றத்தாரைக் காணுங் கனவுகள் மிக்கன. அவை பெரிதும் ஆறுதல் தந்தன. உயிர் உடம்பின் வேறு என்பதை இவ்வாராய்ச்சி நிறுவிற்றன்று, நிறுவப் புகுந்ததுமன்று. நோயாளர் கண்ட கனவைச் செவிமடுத்தல் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை அது காட்டிற்று.

இவற்றால் இல்லத்தார் கடன் விளங்கும். நோவு தணிக்கும் மருந்தை நிறுத்தல் தவறு. மருந்தோடு அமைந்துவிடுதலும் தவறு. நோயாளர் தாம் கண்ட கனவைச் சொல்லுங்கால் ஏளனஞ் செய்தலும், தீநிமித்தம் என்று அவர்முன் அழுது புலம்புதலும் கூடா. தாயைக் கண்டேன் என்பாரேல், தாயினும் இனிய பெருமானை நினைப்பிக்க அதுவே நற்சமயமாம். அஞ்சத்தக்கது கண்டேன் என்பாரேல், கையைப் பற்றியிருந்து, நெற்றியில் திருநீறு சாத்திச் செவியில் ஐந்தெழுத்தை மெல்ல ஓதுக. திருமுறை அறிந்தார் அருகிருந்து இன்குரலில் ஓதுக. சொத்து வழக்கும் குடும்பப் பூசலும் அவ்வறையிற் பேசற்க. மூச்சு நின்றவுடன் எழுந்து ஆரவாரித்தலும் ஒழிக.

வாழ்நாளெல்லாம் ஓதாத ஐந்தெழுத்து இறுதியிற் கனவில் வருதல் அரிது. புறக்கருவிகள் ஓய்ந்தபின் மேலெழுவது முன்னர் ஈட்டியதே ஆதலின், பிறர் இறுதிக்குத் துணைநிற்பார் தம் இறுதிக்கும் இன்றே ஈட்டத் தொடங்குவாராக.

திருச்சிற்றம்பலம்.