சர்வர் கடிகாரத்துக்குள் ஒரு ஜோசியர்

லினக்ஸ் சர்வர் நிறுவும்போது பாதியில ஒரு கேள்வி வரும்: உங்க நேர மண்டலம் எது? நாம யோசிக்காம 'ஆசியா/கொல்கத்தா'ன்னு தேர்ந்தெடுத்துட்டு அடுத்த திரைக்குப் போயிடுவோம். 'சென்னைல உக்காந்துகிட்டு எதுக்குய்யா கொல்கத்தா?'ன்னு ஒரு சின்னக் கடுப்பு மட்டும் மிச்சமிருக்கும். அந்தக் கடுப்புக்கு மருந்து அதே கோப்புக்குள்ளயே இருக்கு, நண்பர்களே. கொல்கத்தா கோப்பைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா 1870லிருந்து 1905 கடைசி வரைக்கும் அதில் ஓடுவது மெட்ராஸ் நேரம்! கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 10 நொடி கூடுதல். 1906 ஜனவரி 1ல்தான் ஐந்தரை மணி நேரக் கணக்கு ஆரம்பிக்குது. நுங்கம்பாக்கத்தில் 1792ல் கட்டப்பட்ட வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1802ல் கணக்குப் போட்டு 5:21:14 என்றார் (நாலு நொடி வித்தியாசத்துக்குச் சண்டைக்கு வராதீங்க). அதைத்தான் பின்னாடி ரயில்வேக்காரர்கள் எடுத்துக்கிட்டாங்க. உலகத்தில் எந்த மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடினாலும் அதோட வட்டில் ஒரு ஓரத்தில் மெட்ராஸ் நேரம் தூங்கிட்டிருக்கு.

இதை யார் உக்காந்து எழுதினாங்கன்னு தோண்டினப்ப கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எதாவது வெச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு அடிப்படை. யுனிக்ஸ் கெர்னலுக்கு காலை, மாலை எதுவும் தெரியாது. 1970 ஜனவரி 1 யூ.டி.சி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆச்சு, அவ்வளவுதான் அதுக்குக் கணக்கு. அந்த எண்ணை 'திங்கட்கிழமை காலை பத்தரை'ன்னு மாத்துறது மேல இருக்கிற நூலகத்தின் வேலை. இன்னிக்கு இது இயல்பாத் தோணுது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1979ல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் நேர மண்டலமும், கோடை நேரம் உண்டா இல்லையா என்பதும் கெர்னலைத் தொகுக்கும்போதே உள்ளே வெச்சுப் பூட்டப்பட்டவை. பெல் ஆய்வகம் நியூ ஜெர்சியில் இருந்ததால் இயல்பிருப்பு அமெரிக்கக் கிழக்கு நேரம். மெஷினை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போனா கெர்னலையே மறுபடி தொகுக்கணும்.

அதைவிட வேடிக்கை நூலகத்துக்குள் இருந்த ஒரு குட்டி அட்டவணை. 1973 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கா பயந்துபோய் 1974 ஜனவரி 6 அன்னிக்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுச்சு. கடுங்குளிரில், கும்மிருட்டில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போறதைப் பாத்து ஜனங்க கொதிச்செழ, அடுத்த குளிர்காலத்துக்குள் சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த 1974, 1975 இரண்டு வருஷமும் தனி விதிவிலக்காக யுனிக்ஸின் சி நிரலில் எழுதப்பட்டிருந்தன. ஒரு நாட்டு நாடாளுமன்றத்தின் தடுமாற்றம் இயங்குதளத்துக்குள் ரெண்டு வரியா நிக்குது!

பெர்க்லி ஆட்கள் பரவாயில்லை, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மேற்கு ஐரோப்பா, நடு ஐரோப்பா என்று நாலஞ்சு வகை கோடை நேரத்துக்கு எண் கொடுத்து கெர்னலில் வெச்சாங்க. மண்டலத்தை மணியில் வைக்காமல் நிமிடத்தில் வெச்ச புண்ணியத்தால் நம்ம அரை மணி நேரத்துக்கும் இடம் கிடைச்சது. ஏ.டி.&டி.யின் சிஸ்டம் 3 வேற வழி பிடிச்சது: சூழல் மாறியில் மண்டலத்தின் பெயரையும் எத்தனை மணி நேரம் என்பதையும் பயனரே எழுதிக்கலாம். இந்த வடிவத்தை இன்னிக்கும் பயன்படுத்தலாம், ஆனா குறியீடு தலைகீழ். கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தால் கூட்டல், கிழக்கே இருந்தால் கழித்தல். எழுதினவங்க அமெரிக்காவில் இருந்தாங்க, தினமும் மைனஸ் அடிக்க சோம்பேறித்தனம் போல :-) அதனால் நம்ம நேரத்தை அதில் 'மைனஸ் ஐந்தரை' என்றுதான் எழுதணும். முதல் தடவை பாக்கிற எவனும் நம்ப மாட்டான்.

இதெல்லாத்துக்கும் பொதுவான நோய் ஒண்ணுதான்: அரசாங்கம் விதியை மாத்தினா நிரலை மாத்தணும். 1986ல் அமெரிக்கா மறுபடி சட்டத்தை மாத்துச்சு. 1987லிருந்து கோடை நேரம் ஏப்ரல் கடைசி ஞாயிறுக்குப் பதிலா முதல் ஞாயிறே ஆரம்பிக்கும்னு. அந்தச் சமயத்தில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் ஒரு தீர்வைப் பொதுவில் வெச்சார். அவர் கணினி நிறுவனத்து ஆள் இல்லை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். விதிகளை நிரலில் எழுதாதே, சாதாரண உரைக்கோப்பில் எழுது, ஒரு சின்னத் தொகுப்பி அதை ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பைனரி கோப்பாக மாத்தட்டும், நூலகம் அந்தக் கோப்பை மட்டும் படிக்கட்டும். சட்டம் மாறினா கோப்பை மாத்தினா போதும். பின்னாடி பால் எகர்ட் என்பவர் சேர்ந்தார். 1993 வாக்கில் கண்டம்/நகரம் என்ற பெயர் முறை வந்தது. நாட்டுப் பெயர் வேண்டாம், நாடுகள் உடையும், சேரும். ஊர் அங்கேயேதான் இருக்கும் என்ற யோசனை. ஊருக்கும் பேர் மாறும் என்பதை நம்ம கல்கத்தா காட்டிக் கொடுத்துடுச்சு. 2001ல் கொல்கத்தா ஆனது, கோப்பில் 2008ல்தான் மாறினது. பழைய பேரும் இன்னும் வேலை செய்யுது.

அந்தக் கோப்பில் பாதிக்கு மேல் குறிப்புகள். எந்த ஊரில் எந்த அரசாணை, யார் மடல் போட்டாங்க, எந்தச் செய்தித்தாளில் வந்தது என்று. நான் பாத்த வரைக்கும் இவ்வளவு சுவாரசியமான நிரல் குறிப்பு வேறெங்கும் இல்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். 1970க்கு முந்தைய தகவலுக்கு இவங்க எங்கே போனாங்க? உலகத்தில் எந்த ஊரில் எந்த வருஷம் கடிகாரம் எப்படி ஓடியதுன்னு அக்கறையா சேத்து வெச்ச ஒரே கூட்டம், ஜோசியர்கள்! மேல்நாட்டு ஜோசியத்துக்கும் லக்னம் வேணும், லக்னத்துக்குப் பிறந்த நேரம் வேணும், அதை யூ.டி.சிக்கு மாத்த அந்த ஊரின் கடிகார வரலாறு வேணும். தாமஸ் ஷாங்க்ஸ் என்பவர் அதற்காகவே அட்லஸ் புத்தகங்கள் தொகுத்தார். ஓல்சனின் கோப்பு அந்தப் புத்தகங்களை வெளிப்படையாவே பேர் சொல்லி மேற்கோள் காட்டும். தப்பு இருக்கும் இடங்களையும் விடாமல் சுட்டிக்காட்டும். ஆக, வங்கி சர்வரும் விமான நிலைய சர்வரும் பழைய நேரத்துக்கு நம்பியிருந்தது ஒரு ஜோசிய அட்லஸை.

இது வம்பில் முடிஞ்சது. அந்த அட்லஸின் உரிமையை வாங்கியிருந்த ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோசிய மென்பொருள் நிறுவனம் 2011 செப்டம்பர் 30ல் ஓல்சன், எகர்ட் இருவர் மேலும் வழக்குப் போட்டது. ஒரு வாரத்தில் ஓல்சன் கோப்பு வெச்சிருந்த இடத்தை மூடினார். இருபத்தஞ்சு வருஷமா ஒரு மனிதர் சும்மா செஞ்சு கொடுத்த வேலை. ஐகான் அமைப்பு அதே அக்டோபரில் பொறுப்பை ஏத்துக்கிட்டது. ஈ.எஃப்.எஃப் அமைப்பு இவங்களுக்காக வாதாடியது. 'இந்தத் தேதியில் இந்த ஊரில் கடிகாரம் இப்படி ஓடியது' என்பது நடந்த உண்மை, உண்மைக்குக் காப்புரிமை கிடையாது என்பது அவங்க வாதம். 2012 பிப்ரவரியில் ஆஸ்ட்ரோலேப் வழக்கை வாபஸ் வாங்கிடுச்சு.

நடுவில் 2007 மார்ச் 11ஐ மறந்துடக் கூடாது. 2005ல் போட்ட சட்டப்படி அமெரிக்கக் கோடை நேரம் மூணு வாரம் முன்னாடியே வந்த நாள். அப்போ நான் வேலை பாத்த இடத்தில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு ராத்திரி ஷிப்ட். லினக்ஸுக்குக் கோப்பு மாத்தினா முடிஞ்சது, ஆனா ஏற்கனவே ஓடிட்டிருக்கிற நிரல்கள் பழைய விதியைத் தலையில் வெச்சுக்கிட்டே ஓடும், மறுபடி தொடங்கணும். ஜாவா தனக்குன்னு தனி நேரக்கோப்பு வெச்சிருக்கும், அதுக்குத் தனி வைத்தியம். விண்டோஸ் 2000க்கு ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கணும். அதோட விண்டோஸில் விஸ்டாவுக்கு முன்னாடி ஒரு மண்டலத்துக்கு ஒரே விதிதான், வருஷவாரியா கிடையாது. புது விதியைப் போட்டதும் போன வருஷ மார்ச் சந்திப்பெல்லாம் ஒரு மணி நேரம் நகந்துடும்! வரலாறே இல்லாத கடிகாரம். சரியா இருந்த சர்வர்களைக் கூட யாரும் நம்பலை, விடிய விடிய எல்லாத்திலேயும் தேதி கேட்டுக்கிட்டே இருந்தோம்.

இதுவரைக்கும் சொன்னது வேடிக்கை. இனி வர்றது எனக்கு வேடிக்கையா இல்லை.

'ஆசியா/கொழும்பு' கோப்பைப் பாருங்க. 1996ல் இலங்கையில் மழை பொய்த்து, நீர் மின்சாரம் படுத்து, மணிக்கணக்கில் மின்வெட்டு. மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6:30 ஆக்கியது. அக்டோபர் 26ல் அரை மணி குறைச்சு 6:00. அப்படியே பத்து வருஷம் ஓடி, 2006 ஏப்ரல் 15, புத்தாண்டு முடிஞ்ச கையோடு, பழையபடி 5:30. விண்டோஸ்காரர்களுக்கு ஸ்ரீ ஜெயவர்தனபுர என்ற வரி 6:00லேயே நின்னுச்சு. பேட்ச் வரும் வரைக்கும் 'சென்னை, கொல்கத்தா' என்ற வரியைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கிறதுதான் வழி.

கோப்பில் மூணு வரி மாற்றம், அவ்வளவுதான். ஆனா பக்கத்திலேயே ராய்ட்டர்ஸ் செய்தியை வெச்சு ஒரு குறிப்பு இருக்கு: புலிகள் 1996 மாற்றத்தை ஏத்துக்கவே இல்லை, அவங்க பகுதிகளில் கடிகாரம் 5:30லேயே ஓடியது. அதாவது பத்து வருஷம் ஒரே தீவில் ரெண்டு நேரம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போறவர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பணும்.

சின்ஜியாங்கில் சீனர்கள் ஒரு நேரமும் உய்குர்கள் ஒரு நேரமும் பாக்கிறாங்க என்பதற்காக 'ஆசியா/உரும்கி' என்று தனி மண்டலம் உண்டு. காசாவுக்கும் ஹெப்ரானுக்கும் தனித்தனியா உண்டு. வன்னிக்குக் கிடையாது. குறிப்பில் மட்டும்தான் இருக்கு. குறிப்பைத் தொகுப்பி படிக்காது. எல்லைக்கோடே நகந்துகிட்டிருந்த இடத்தை எந்த ஊர் பேரில் எழுதறதுன்னும் தோணுது. குறை சொல்லலை.

ஆனா இதுக்கு இன்னிக்கு விலை இருக்கு. 1998ல் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு இப்போ கல்யாண வயசு. பிறந்த நேரம் காலை 10:00ன்னு அந்த ஊர்க் கடிகாரப்படி யாரோ எழுதி வெச்சிருக்காங்க. டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கிற அப்பா அம்மா அதை ஜாதக மென்பொருளில் போடறாங்க. ஊர் இலங்கை, வருஷம் 1998 என்று பாத்ததும் மென்பொருள் தானா 6:00 எடுத்துக்கும். பிள்ளை அரை மணி நேரம் முன்னாடியே பிறந்ததாக் கணக்கு வரும். நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது, சந்திரன் அரை மணியில் கால் பாகை சொச்சம்தான் நகரும். லக்னம் ஏழரை பாகை நகரும் (ஏழரைன்னதும் பயப்படாதீங்க, இது வேற ஏழரை). நாலில் ஒருத்தருக்கு ராசியே தாண்டிடும். நவாம்ச லக்னமோ மூணு பாகை இருபது கலைக்கு ஒண்ணு மாறுவது, ரெண்டு கட்டமாவது நிச்சயம் தள்ளிப் போகும். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, அது வேற விஷயம். ஆனா அந்தத் தாளைப் பாத்துத்தான் சில வீடுகளில் 'வேண்டாம்' என்கிறாங்க.

1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் நடுவில் இலங்கையில் பிறந்தவங்க ஜாதகம் கையில் வந்தா முதல்ல கேட்க வேண்டியது, எந்த ஊர், அப்போ அந்த ஊர் யார் கையில் இருந்தது, எழுதினவர் எந்தக் கடிகாரத்தைப் பாத்தார் என்பதுதான். அவர் பாத்தது வன்னிக் கடிகாரம்னு தெரிஞ்சா ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வெச்சுக்கிட்டு நேர மண்டலத்தை மட்டும் தானியங்கியிலிருந்து எடுத்துட்டுக் கையால் 5:30ன்னு போடுங்க. கையால் போட விடாத மென்பொருளா? 'ஆசியா/கொல்கத்தா'வைத் தேர்ந்தெடுங்க, அந்தப் பத்து வருஷமும் வன்னிக்கும் அதே நேரம்தான்.