ஐந்நூறு ரூபாவும் ஒரு சுற்றுமடலும்

வெலிமடைப் பக்கத் தோட்டங்களில் "ஒப்பரேஷன் செஞ்சாச்சா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டால், எந்த ஒப்பரேஷன் என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டார். குடும்பக் கட்டுப்பாடு என்றாலே நம்ம லயங்களில் அது நிரந்தரக் கருத்தடைதான். இலங்கையில் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளும் நகரம், கிராமத்தைவிடத் தோட்டப்புறத்தில்தான் இது அதிகம் என்று காட்டியிருக்கின்றன. மாத்திரை இருக்கு, லூப் இருக்கு. அப்புறம் ஏன் இது மட்டும்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1948 குடியுரிமைச் சட்டம் நம்ம சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தது. அடுத்த வருஷமே குடும்பக் கட்டுப்பாடு அரச சுகாதார சேவைக்குள் வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. கூலி கொடுப்பவரும், டிஸ்பென்சரி நடத்துபவரும், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்பவரும் ஒருவரேயானார்.

1980இல் கருத்தடை செய்துகொள்பவர்களுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் தொகை ஒரு கட்டத்தில் 500 ரூபா வரை போனது. ஆணுக்குச் சமமான நாட்கூலியே 1984இல்தான் கிடைத்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 500 ரூபா சின்னக் காசா? முழு விவரம் சொல்லாமல் அனுப்பினார்கள், வற்புறுத்தினார்கள் என்ற புகார் மலையகத்தில் நீண்டகாலமாக இருக்கிறது. விரும்பிச் செய்துகொண்டவர்களும் உண்டு. அடுத்தடுத்த பிரசவத்தில் உடம்பு தேய்ந்த பெண்ணுக்கு அது விடுதலைதான்.

தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். கத்தோலிக்கர் சிறுபான்மை. அவர்களுக்கு இன்னொரு குரலும் கேட்டது. 1968 ஜூலை 25இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடல், கருத்தடை ஒப்பரேஷன் உட்பட எல்லாச் செயற்கை முறைகளையும் மறுத்தது. அவர் ஆலோசனை கேட்ட குழுவில் பெரும்பான்மையோர் மாற்றத்தை ஆதரித்தும் அவர் ஏற்கவில்லை. 1975இல் வத்திக்கான் இன்னொரு தடவை சொன்னது: கத்தோலிக்க மருத்துவமனைகளிலும் இந்த ஒப்பரேஷன் கூடாது. மாதச்சுழற்சியைக் கணக்குப் பார்த்து விலகியிருப்பதுதான் திருச்சபை அனுமதித்த வழி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், புருஷனும் சம்மதித்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

நம்ம காதுக்கு வந்தது இந்த 'கூடாது' மட்டும்தான். அதே சுற்றுமடலின் 17ஆம் பத்தி வேறொன்றும் சொல்கிறது: இந்த முறைகள் சரி என்றாகிவிட்டால், ஆட்சியாளர்கள் அவற்றை மக்கள்மேல் திணிப்பதை யார் தடுப்பது? இந்தப் பயம் புதிசு இல்லை. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை ஏற்றது. 1930இல் பதினோராம் பயஸ், குற்றமற்ற குடிமக்களின் உடல்மேல் அரசுக்கு நேரடி அதிகாரம் கிடையாது என்று எழுதினார். இந்திய நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேல் ஒப்பரேஷன் நடந்தபோது அந்தப் பயம் நிஜமானது.

ஆக, நம்ம அம்மாயி, அப்பாயிகளுக்காகப் பேசக்கூடிய ஒரு வரி அந்தப் போதனைக்குள்ளேயே இருந்தது. 1972இல் கண்டியிலிருந்து பிரிந்து உருவான பதுளை மறைமாவட்டத்துக்கு, வெலிமடை லயங்களில் அதைவிடத் தேவையான வரி வேறென்ன? ஆனாலும் அந்த வரியிலும் ஒரு குறை இருக்கிறது. அரசு பெண்ணின் உடம்பைத் தொடக்கூடாது என்கிறது. அவளாக முடிவெடுத்தால் அதையும் ஏற்க மறுக்கிறது.

அரசு எண்ணிக்கையைப் பார்த்தது, திருச்சபை சட்டத்தைப் பார்த்தது. "உனக்கு வேணுமா, விளங்கிச்சா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்க ரெண்டு பக்கமும் மறந்துபோனது. அந்தத் தலைமுறையில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைக்க நமக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது.