மனித இயல்பு: கன்னட எழுத்தில் கிரேக்க, இருத்தலிய, தாவோ பார்வைகள்

மனிதனுக்கு நிலையான இயல்பு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அவனால் அதை மீற முடியுமா என்ற கேள்வி கர்நாடகத்தில் மெய்யியல் வகுப்புகளைவிட நாடக மேடையிலும் நாவலிலும்தான் சூடாக விவாதிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் பெங்களூரில் வாழ்ந்தோ இயங்கியோ வந்த எழுத்தாளர்கள் சிலர் பண்டைக் கிரேக்கத்திலிருந்தும் ஐரோப்பிய இருத்தலியத்திலிருந்தும் சீனத் தாவோயியத்திலிருந்தும் மூன்று வெவ்வேறு விடைகளைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தனர். அவை வந்து சேர்ந்தபோது பழைய விடை ஒன்று அங்கே முன்பே வேரோடியிருந்தது.

அது மத்வருடையது. 13ஆம் நூற்றாண்டில் உடுப்பியில் துவைத மரபை நிறுவிய அவர், உயிர்கள் பிறப்பால் அல்ல, இயல்பாலேயே வேறுபட்டவை என்றார். சில வீடுபேற்றுக்குரியவை, சில பிறவிச் சுழலிலேயே கிடப்பவை, சில மீளா இருளுக்குரியவை. இந்த இயல்பு செயலில் வெளிப்படும், செயலால் மாறாது. வேதாந்த மரபுகளில் மனித இயல்பை இவ்வளவு கறாராக வகுத்தது வேறொன்றில்லை. இதை மறந்துவிட்டுப் பின்னால் வந்த கன்னட இலக்கியத்தைப் படித்தால் அதன் வேகம் புரியாது.

கிரேக்கப் பார்வை முதலில் வந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியிலும் பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்பித்த பி.எம். ஸ்ரீகண்டையா (1884–1946) 1929இல் ‘அஸ்வத்தாமன்’ நாடகத்தை வெளியிட்டார். சோஃபாக்ளிஸின் ‘அயாக்ஸ்’ அதன் மூலம். கிரேக்க வீரன் அயாக்ஸ் தனக்கு வரவேண்டிய மரியாதை வேறொருவனுக்குப் போனதில் மூர்க்கமாகி, தெய்வம் தந்த மதிமயக்கத்தில் ஆட்டுமாடுகளைப் பகைவரென்று வெட்டுகிறான். தெளிந்தபின் அவமானம் தாளாமல் தன் வாளிலேயே விழுந்து சாகிறான். அந்த அச்சில் ஸ்ரீகண்டையா பாரதத்தின் அஸ்வத்தாமனை வார்த்தார். சிரஞ்சீவி என்று மரபு சொல்லும் பாத்திரம் மேடையில் தற்கொலை செய்துகொண்டது! பண்டிதர்களுக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை. ஆனால் நாடகத்தின் பொருளே அதில்தான் இருக்கிறது. கிரேக்கத் துன்பியலில் மனிதனின் பெருமையும் அவனுடைய அழிவும் ஒரே குணத்திலிருந்து பிறக்கின்றன. அளவை மீறும் அந்தக் குணத்தை அடுத்த பிறவிக்குத் தள்ளிப்போட இடமில்லை. கர்மக் கணக்கு பழகிய பார்வையாளருக்கு இது புதிது. பின்னர் அவர் ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்தையும் கன்னடமாக்கினார்.

அடுத்து வந்தது இருத்தலியம். 1945 அக்டோபரில் பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் பாரிஸில் ஆற்றிய உரையில், மனித இயல்பு என்று முன்கூட்டி எதுவும் இல்லை, மனிதன் முதலில் இருக்கிறான், பிறகு தன் தேர்வுகளால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்று வாதிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தச் சிந்தனை கன்னடத்தின் நவீனத்துவ இயக்கமான நவ்யத்துக்கு வந்துவிட்டது. கிரீஷ் கர்னாட் 1961இல் வெளியிட்ட ‘யயாதி’யில், தந்தையின் முதுமையை ஏற்ற புருவுக்குச் சித்ரலேகா என்ற மனைவியைப் படைத்தார். தியாகத்தின் விலையை யார் கொடுப்பது என்று கேட்டு அவள் நஞ்சுண்டு இறக்கிறாள். பிறகு சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் பணியாற்றிய காலத்தில், 1964இல், அவருடைய ‘துக்ளக்’ வெளிவந்தது. விமர்சகர்கள் அதைக் காம்யுவின் ‘கலிகுலா’வோடு ஒப்பிடுவார்கள். தமிழ் வாசகர் இதைச் சோவின் நாடகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வாதத்தின் உச்சம் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ (1965). பர்மிங்ஹாமில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கொள்ளைநோய்க் காலத்தைக் காட்டும் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ படத்தைப் பார்த்த உந்துதலில் எழுதியது. கதை நடப்பது மத்வ அக்ரகாரத்தில்; ஆசிரியர் பிறந்ததும் மத்வக் குடும்பத்தில். ஆசாரம் கெட்ட நாரணப்பா செத்துக் கிடக்கிறான். யார் கொள்ளி வைப்பது என்பதற்குப் பண்டிதர் பிராணேசாச்சாரியார் சாஸ்திரத்தில் விடை தேடுகிறார், கிடைக்கவில்லை. அன்றிரவு காட்டில் நாரணப்பாவின் துணைவி சந்திரியோடு கூடுகிறார். அது தற்செயலா, தன் தேர்வா என்று அவரைக் குடையும் கேள்வி முழுக்க இருத்தலியக் கேள்விதான். தற்செயல் என்றால் பொறுப்பில்லை. பொறுப்பில்லையென்றால் அவர் மனிதராகவே இல்லை. சாத்விக இயல்புள்ளவன், தாமச இயல்புள்ளவன் என்று ஊர் போட்டுவைத்த கோடு அந்த இரவில் அழிந்துபோகிறது. சார்த்தரை அனந்தமூர்த்தி மத்வருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார் என்றே இதைப் படிக்க வேண்டும். ஆனால் யார் வென்றார் என்று நாவல் சொல்வதில்லை. ஆச்சாரியார் வண்டியில் ஊர் திரும்பும்போது கதை நின்றுவிடுகிறது.

பட்டாபிராம ரெட்டி இதை 1970இல் படமாக்கினார். ஆச்சாரியாராகக் கர்னாடும் நாரணப்பாவாக எழுத்தாளர் பி. லங்கேஷும் நடித்தனர். சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்த அந்தப் படம் பின்னர் நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வி.எஸ். நைபால் 1977இல் வெளிவந்த தம் இந்தியா பற்றிய நூலில் இந்த நாவலை எடுத்துக்கொண்டு, தனி மனிதன் என்ற உணர்வே தேறாத சமூகத்தின் சான்றாக அதைக் காட்டினார். ஆச்சாரியாரின் தவிப்பையே குறையாக எண்ணிய வாசிப்பு அது. நாவலின் பாதியைத்தான் அவர் பார்த்தார்.

அதே லங்கேஷ் சோஃபாக்ளிஸின் ‘ஈடிபஸ்’, ‘ஆன்டிகனி’ இரண்டையும் கன்னடத்தில் தந்தார். 1972இல் நாடக இயக்குநர் பி.வி. காரந்த் பெங்களூர் ரவீந்திர கலாக்ஷேத்ராவின் திறந்தவெளியில் ‘ஈடிபஸ்’ நாடகத்தை மேடையேற்றினார். ஸ்ரீகண்டையாவின் பழங்கன்னட நடைக்கு மாறாக இது பேச்சுக்கு நெருங்கிய மொழி. விதியை அறியத் துடிக்கும் அரசனை அந்தத் தலைமுறை கேள்வி கேட்பதை நிறுத்தாத மனிதனாகவே கண்டது. கிரேக்க நாடகத்தையும் இருத்தலியக் கண்ணாடி வழியேதான் பார்த்தார்கள்.

தாவோ பார்வை தாமதமாக வந்தது. லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் 81 சிறு அத்தியாயங்கள் கொண்ட ‘தாவோ தே ஜிங்’ நூலை அனந்தமூர்த்தியே பிற்காலத்தில் கன்னடத்தில் மொழிபெயர்த்தார். அதன்படி மனித இயல்பு செதுக்காத மரக்கட்டை. கல்வியும் சடங்கும் ஆசையும் அதைச் செதுக்கிக் கெடுக்கின்றன. வலிந்து செய்வதை விடுவதே வழி. தேர்வைக் கொண்டாடிய நாவலாசிரியர் தேர்வையே கைவிடச் சொல்லும் நூலுக்கு வந்து சேர்ந்தது அவர் வளர்ச்சியில் ஒரு முக்கியத் திருப்பம். வசனக் கவிஞர் அல்லமப் பிரபுவின் சூனியத்தில் பழகிய கன்னட வாசகருக்கு இந்தக் குரல் அந்நியமாகவும் இல்லை. ஆனால் கிரேக்கமும் இருத்தலியமும் தந்ததுபோல் தாவோ கன்னடத்துக்கு ஓர் அஸ்வத்தாமனையோ பிராணேசாச்சாரியாரையோ தரவில்லை. மோதாத மனிதனை வைத்து நாடகம் எழுதுவது கடினம்.