என் மதிப்பெண் அட்டை

2019 செப்டம்பர் 27. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பெண்கள் ஃப்ளைவெயிட் பட்டத்துக்கான பத்துச் சுற்றுகள் முடிந்திருந்தன. வளையத்தில் நின்றவர்கள் இருவர்: பட்டத்தை வைத்திருந்த பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸ், அதைப் பறிக்க வந்த மெக்சிகோவின் மரியா சலினாஸ். மூன்று நீதிபதிகளின் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஒருவர் 97-93 என்று சலினாஸுக்கு. இன்னொருவர் 96-94 என்று ஆடம்ஸுக்கு. மூன்றாமவர் 95-95. போட்டி சமன். சமன் என்றால் பட்டம் இருப்பவரிடமே தங்கும், தங்கியது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு சுற்றை வென்றவருக்குப் பத்து, மற்றவருக்குப் பொதுவாக ஒன்பது. கணக்குப் போட்டால், ஒரு நீதிபதி சலினாஸ் ஏழு சுற்றுகளை வென்றதாகவும், அதே வளையத்தின் வேறொரு பக்கம் அமர்ந்திருந்தவர் அவர் நான்கை மட்டுமே வென்றதாகவும் எழுதியிருக்கிறார்கள். ரசிகர்கள் பலருக்கும் சலினாஸ் ஏமாற்றப்பட்டார் என்றே பட்டது.

எனக்கும்தான். 2020 ஊரடங்கின்போது அந்தப் போட்டியின் பதிவைப் பார்த்தேன். பழைய நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போட்டேன். ஏழுக்கு மூன்று, சலினாஸுக்கு. எனக்கு இரண்டு பெண்களில் யாரும் உறவில்லை, நாடும் வேறு, ஆகவே நான் நடுநிலையானவள் என்று நம்பினேன்.

அது பொய். என் கணக்கு 2012லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் பெண்களின் குத்துச்சண்டை முதல்முறையாகப் பதக்கப் போட்டியானது. ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று. மிகக் குறைந்த எடை 51 கிலோ. 45, 46, 48 கிலோ பிரிவுகளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றிருந்த மணிப்பூரின் மேரி கோம், தனக்கென்று ஒரு பிரிவு இல்லாததால் எடை கூட்டிக்கொண்டு லண்டன் போனார். அரையிறுதியில் அவரை 11-6 என்று வென்றவர் நிக்கோலா ஆடம்ஸ். மறுநாள் சீனாவின் ரென் சான்சானை 16-7 என்று வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கிய முதல் பெண்ணானார்.

அன்று எனக்கு அவர் 'நம்ம மேரி'யைத் தோற்கடித்தவர், அவ்வளவுதான். கறுப்பினப் பெண், இருபாலீர்ப்பை மறைக்காதவர், பெண்களுக்குக் கதவே திறக்காத விளையாட்டில் உள்ளே நுழைந்தவர் என்பதையெல்லாம் படித்திருந்தேன். ஆனாலும் ஏழு வருடம் கழித்து அவர் பெயருக்கு நேரே ஒன்பது போட என் பேனா காத்திருந்திருக்கிறது.

அந்தக் கதவு எவ்வளவு காலம் மூடியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1722இல் லண்டன் செய்தித்தாளில் எலிசபெத் வில்கின்சன் என்ற பெண் ஹன்னா ஹைஃபீல்ட் என்பவரைச் சண்டைக்கு அழைத்து விளம்பரம் கொடுத்தார். இரண்டு பேர் கைகளிலும் அரை கிரவுன் நாணயம் இருக்கும். முதலில் நாணயத்தைக் கீழே விட்டவர் தோற்றவர். அந்தத் தீர்ப்பைச் சொல்ல நீதிபதியே வேண்டாம். கீழே விழும் காசு சொல்லிவிடும். அதே பிரிட்டனில், 1990களின் கடைசியில், ஜேன் கவுச் என்ற பெண்ணுக்குத் தொழில்முறை உரிமம் தர குத்துச்சண்டை வாரியம் மறுத்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பெண்கள் மனநிலை தடுமாறுவார்கள் என்பது அது முன்வைத்த காரணங்களில் ஒன்று. 1998இல் தீர்ப்பாயத்தில் வழக்காடித்தான் கவுச் உரிமம் பெற்றார்.

வாரியம் தோற்றது, அந்தக் காரணத்தின் நிழல் போகவில்லை. ஆண்களின் உலகப் பட்டப் போட்டி பன்னிரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம்: மொத்தம் 36 நிமிடம். பெண்களுக்கு வழக்கமாகப் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம்: மொத்தம் 20. பெண்ணுடலின் பாதுகாப்பைக் காரணம் காட்டுகிறார்கள். ஒலிம்பிக்கிலோ டோக்கியோவில் பெண்களும் மூன்று நிமிடச் சுற்றுகளே ஆடினார்கள். 2023இல் போர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோ, ஆண்களைப் போலவே பன்னிரண்டு சுற்று, மூன்று நிமிடம் என்று ஆடிக் காட்டினார். அதற்கு ஒப்பாத உலகக் குத்துச்சண்டை கவுன்சிலின் பட்டத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஒரு நிமிடத்துக்கும் தீர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். எதிராளியின் அசைவைப் படித்து, தூரம் கணித்து, அடி விழத் தொடங்கும் நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. பல சுற்றுகள் ஒன்றிரண்டு நல்ல குத்துகளில் தீர்மானமாகின்றன. இவ்வளவு நெருக்கமான இடத்தில் பார்ப்பவரின் ஆசை சுலபமாக உள்ளே புகுந்துவிடும். அதன் பிறகு, பெண்கள் போட்டி என்றாலே குழப்பம்தான் என்று சொல்கிறார்கள். நேரத்தைக் குறைத்தது யார் என்று கேட்பதில்லை.

என் ஆசை எனக்குப் பிடிபட்டது 2021 ஜூலை 29 அன்று. டோக்கியோவில் மேரி கோமும் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவும் ஃப்ளைவெயிட்டில் மோதினார்கள். முதல் சுற்றை ஐந்து நீதிபதிகளில் நால்வர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டிலும் 3-2 என்று மேரி முன்னே. ஆனால் ஒவ்வொரு நீதிபதியும் தன் மூன்று சுற்றுகளையும் கூட்டித்தான் முடிவு சொல்வார். கூட்டினால் 3-2, வலென்சியாவுக்கு. மேரியே தான் வென்றதாக நினைத்திருந்தார். கல்லூரித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் நான் எழுதிய ஒரே வார்த்தை: "அநியாயம்."

ஒருத்தி கேட்டாள்: "ஜெயிச்ச பொண்ணு பேரு என்னடி?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். 2016 ரியோவில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் பதக்கம் பெற்ற முதல் கொலம்பியப் பெண் அவர். முன்பு மேரியிடம் தோற்றவரும்கூட. பெண்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிற நான், ஒரு பெண்ணின் வாழ்நாள் வெற்றிக்கு அவள் பெயர்கூடத் தெரியாமல் 'அநியாயம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றிரவு இரண்டு போட்டிகளையும் மறுபடி பார்த்தேன், ஒலியை நிறுத்திவிட்டு. வர்ணனையாளரும் கூட்டமும் இல்லாதபோது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. டோக்கியோவின் முதல் சுற்று, சந்தேகமில்லாமல், வலென்சியாவுடையது. லண்டன் போட்டியில் இப்போதும் சலினாஸ்தான் வென்றார் என்பேன். ஆனால் ஏழுக்கு மூன்று இல்லை, ஆறுக்கு நான்கு. ஆடம்ஸுக்கு நான் முதலில் மறுத்த ஒரு சுற்று அங்கே இருந்தது. அவர் பின்வாங்கியதை மட்டும் பார்த்த நான், பின்வாங்கிக்கொண்டே அடித்ததைப் பார்க்கவில்லை.

அந்தச் சமனே ஆடம்ஸின் கடைசிப் போட்டி. இரண்டே மாதத்தில், 2019 நவம்பரில், ஓய்வை அறிவித்தார். கண்ணில் இன்னொரு அடி விழுந்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். அதனால் அவரோடு மீண்டும் மோதித் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு சலினாஸுக்கும் கிடைக்கவில்லை. அந்த இரவு இருவரிடமிருந்தும் எதையோ எடுத்துக்கொண்டது. என் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

பெண்கள் போட்டிகளை இப்போதும் நோட்டோடுதான் பார்க்கிறேன். மணி அடிக்கும் முன் இரண்டு பெயர்களையும் முழுதாக எழுதுகிறேன். எந்தப் பெயரை எழுதும்போது கை தயங்குகிறதோ, அந்தப் பெண்ணை அன்று கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன்.