24 மணித்தியாலமும் கோல்ப்: ஒரு தொலைக்காட்சியும் ஒரு மூடிய கதவும்

கிரிக்கெட்டுக்கென்று தனியாக ஒரு சேனல் இருக்கிறது என்றால் நம்ம ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் கோல்ப் விளையாட்டை மட்டும் இரவு பகலாகக் காட்டும் ஒரு சேனல்? 1995 ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்காவில் அப்படியொன்று ஆரம்பமானது. பெயரே கோல்ப் சேனல்தான். அது நேரடியாக ஒளிபரப்பிய முதல் போட்டி அமெரிக்காவில் நடந்ததல்ல, நம்மவர்கள் நன்கறிந்த டுபாயில் நடந்தது.

இதை ஆரம்பித்தவர்கள் இருவர். ஒருவர் அலபாமா மாநிலத்துத் தொழிலதிபர் ஜோ கிப்ஸ். மற்றவர் கோல்ப் உலகின் பெரும் நட்சத்திரம் ஆர்னல்ட் பாமர். 1990 ஒகஸ்டில் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே ஷோல் க்ரீக் கழகத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தபோது பாமர் கிப்ஸின் வீட்டில் தங்கினார். அந்த நாட்களில்தான் இந்த யோசனைக்கு விதை விழுந்தது.

அதே போட்டிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. நம் பிள்ளைகள் அறிய வேண்டியது அதைத்தான்.

போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன், ஷோல் க்ரீக்கின் நிறுவுனர் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கறுப்பினத்தவரை அங்கத்தவராகச் சேர்க்கும்படி தங்களை யாரும் நிர்ப்பந்திக்க முடியாது என்றார். அதில் புதினம் எதுவும் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சங்கத்தின் யாப்பிலேயே 1961 வரை வெள்ளையருக்கு மட்டும் என்ற விதி இருந்தது. விதி போன பிறகும் பல கழகங்களின் வழக்கம் போகவில்லை. இம்முறை அது வெளியே சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

மனித உரிமை அமைப்பினர் போராட்டம் நடத்தப்போவதாக அறிவித்தார்கள். ஐ.பி.எம்., டொயோட்டா போன்ற பெரிய நிறுவனங்கள் அந்தப் போட்டியின் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து தங்கள் விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. அதன் பிறகுதான் கதவு அசைந்தது. கழகம் ஒரு கறுப்பின வர்த்தகரைக் கௌரவ அங்கத்தவராக ஏற்றது. பாகுபாடு காட்டும் கழகங்களில் இனிப் போட்டி நடத்துவதில்லை என்று போட்டிகளை நடத்துவோர் விதி கொண்டுவந்தார்கள். பல வருடங்களாக நியாயம் பேசியும் திறக்காத கதவு, விளம்பரக் காசு போகிறது என்றதும் சில வாரங்களில் திறந்தது.

பாமரின் வாழ்க்கையிலும் ஒரு மூடிய கதவு இருந்தது. அவருடைய தகப்பன் லாட்ரோப் என்ற சிற்றூரில் ஒரு கோல்ப் கழகத்தின் மைதானத்தைப் பராமரித்தவர். ஊழியரின் மகன் என்பதால், அங்கத்தவர்கள் இல்லாத நேரத்தில்தான் சிறுவன் பாமருக்கு அங்கே விளையாட அனுமதி. 1971இல் அதே கழகத்தை அவர் விலைக்கு வாங்கினார்.

சேனலின் பாதையும் இலகுவாக இருக்கவில்லை. முதலில் மாதம் 6.95 டொலர் தனிக்கட்டணம் அறவிட்டார்கள். போதிய ஆட்கள் சேராததால் சாதாரண கேபிள் தொகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். 1996இல் டைகர் வூட்ஸ் தொழில்முறை வீரரானார். அடுத்த வருடம், 21 வயதில், மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். கோல்ப் பார்க்காத வீடுகளும் பார்க்கத் தொடங்கின. ஒரு காலத்தில் அங்கத்துவம் மறுக்கப்பட்ட இனத்தின் பிள்ளையால் அந்த விளையாட்டுக்கும் சேனலுக்கும் இலாபம் பெருகியது.

ஆனாலும் 2008 ஜனவரியில் அதே சேனலின் அறிவிப்பாளர் ஒருவர், இளம் வீரர்கள் வூட்ஸை எப்படித் தடுக்கலாம் என்ற பேச்சில், கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்ற பழைய கொடுமையைக் குறிக்கும் சொல்லைப் பகிடியாகச் சொன்னார். இரண்டு வாரம் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். அங்கத்துவ விதியை ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். நாக்கில் ஊறிய பழக்கம் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை.

நம்ம ஊர் விளையாட்டுக் கழகங்களையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளை, யாருடைய பிள்ளை இன்னும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறது? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.