கள்ளர் சீரமைப்பு

மதுரையிலிருந்து தேனிச் சாலையில் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி வழியாகப் போகிறவர்கள் ‘அரசு கள்ளர் தொடக்கப்பள்ளி’, ‘அரசு கள்ளர் மேல்நிலைப்பள்ளி’ என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இத்தகைய பள்ளிகள் முந்நூறை ஒட்டி இருக்கின்றன. மாணவர் விடுதிகளும் உண்டு. மதுரையில் ஓர் இணை இயக்குநரின் பொறுப்பில் இவை இயங்கிவந்துள்ளன. பெயரில் சாதி இருந்தாலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். காலனி அரசு 1920-ல் தொடங்கிய ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற திட்டத்தில் முளைத்தவை இவை. அந்தத் திட்டத்தை நடத்தியது கல்வித்துறை அல்ல. போலீசும் தொழிலாளர் துறையும்தான். தமிழகத்தில் அரசு நலத்திட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் இந்த வறண்ட சமவெளிக்கு வந்தே ஆக வேண்டும்.

பிரமலைக் கள்ளர்கள் மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் காவல் உரிமை பெற்றிருந்தவர்கள். களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. மாடு களவு போனால் அதை மீட்டுத் தர வேண்டியது அவர் பொறுப்பு. மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி வாங்குவதும் வழக்கம். இதில் அடாவடியும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கம்பெனி ஆட்சியும் அதன்பின் வந்த அரசும் காவலைத் தம் போலீசின் தனியுரிமை ஆக்கிக்கொண்டபோது, அதுவரை ஊர் ஒப்புக்கொண்ட வருமானம் சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று. 1896-ல் திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் பண்டு வசூலித்து, கள்ளர் காவலை ஊர் ஊராக விரட்டினார்கள்.

நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமைக்குப் பிறகு, 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் மேலூர் வட்டத்தை நெல் வயலாக மாற்றியது. மேட்டு நிலமான உசிலம்பட்டிப் பக்கம் அது ஏறவில்லை. மேலூர்க் கள்ளரும் பிரமலைக் கள்ளரும் இருபது ஆண்டுக்குள் வெவ்வேறு பாதையில் போனதற்கு இரத்தமோ குணமோ காரணம் அல்ல, வாய்க்காலின் மட்டமே காரணம். அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஆனாலும் அவர்கள் கையில் எடுத்தது குற்றப் பரம்பரைச் சட்டத்தை.

1871-ல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரையில் முதலில் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது, 1914-ல் அது பாய்ந்தது. 1918-ல் பிரமலைக் கள்ளர் அனைவரும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘ரேகைச் சட்டம்’. பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். பதிந்தவர் இராத்திரி வீட்டில் படுக்க முடியாது. காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுத்துவிட்டு விடிந்தபின் திரும்ப வேண்டும். பெண் எடுத்த ஊருக்குப் போவதென்றாலும் சீட்டு வாங்க வேண்டும்; போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். ‘ராத்திரிச் சீட்டு’ என்ற சொல் முதியோர் பேச்சில் நெடுங்காலம் இருந்தது. ஒருவர் திருடினாரா என்ற கேள்வியே இதில் எழவில்லை. பிறப்பே போதுமானதாக இருந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று ரேகை எடுக்க வந்த போலீசை இன்றைய சேடப்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வழக்குகளில் கள்ளர் பக்கம் நின்றவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூர்ச் சிரியன் கிறிஸ்தவரான அவரை இவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று தங்களுக்குள் ஒருவராக்கிக்கொண்டார்கள்.

சீரமைப்பு இந்தத் துப்பாக்கிச் சூட்டின் நிழலில்தான் வளர்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்துகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. கிணறு வெட்டக் கடன் கிடைத்தது. ஆள் திரட்டி மதுரை ஹார்வி மில்லுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். கள்ளர் பொதுநிதி என்று ஒன்று உருவாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிகள் வந்தன. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டது. ரேகைப் பதிவேட்டையும் பள்ளி வருகைப் பதிவேட்டையும் ஒரே நிர்வாகம் புரட்டியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உலகில் பல நலத்திட்டங்கள் இப்படி அச்சத்தில் பிறந்தவையே. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தது சோஷலிஸ்டுகளை மடக்கத்தான். ஆனால் அங்கே தொழிலாளியைப் பிறவிக் குற்றவாளி என்று சட்டம் எழுதவில்லை. இங்கே பிள்ளைக்குச் சிலேட்டைக் கொடுத்த அதே அரசு தகப்பனை இரவில் சாவடிக்கு அழைத்தது. அந்தச் சிலேட்டை மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டதே இந்த வரலாற்றின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோரின் நீண்ட கிளர்ச்சிக்குப் பின் சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல். சட்டம் போனாலும் பள்ளிகள் நின்றன. கொடுத்தவன் நோக்கம் வேறாக இருந்தும், பெற்றவர்கள் அவற்றைத் தங்கள் சொத்தாகவே கருதினார்கள். பி.கே. மூக்கையாத் தேவர் முயற்சியில் 1968-ல் உசிலம்பட்டியில் கல்லூரி எழுந்தது அந்த வேரிலிருந்து வந்த கிளை.

பிறகு அரசியல், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் சாதிப் பட்டியலைச் சுற்றிச் சுழன்றது. அவமானமாக எழுதப்பட்ட பட்டியலே உரிமைக்கான ஆதாரமாயிற்று. 1979-ல் ஓர் அரசாணை, அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்டவர்களைக் குறித்த ‘சீர்மரபுப் பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபு வகுப்பினர்’ என்று மாற்றியது. ஒரு சொல்தான் மாறியது. பழங்குடி என்ற தகுதியின்பேரில் பின்னாளில் மத்திய அரசிடம் எதையும் கேட்கும் வழி அதனால் அடைபட்டது. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோரோடு சேர்த்து 20 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. 2019-ல் மத்திய அரசுத் தேவைக்குப் பழங்குடியினர் என்றும் மாநிலத் தேவைக்கு வகுப்பினர் என்றும் ஒரே ஆளுக்கு இரண்டு சான்றிதழ் தரும் ஏற்பாடு வந்தது. 2021-ல் வன்னியருக்கு 10.5 விழுக்காடும், சீர்மரபினரில் 68 சாதிகளையும் வேறு சிலரையும் சேர்த்து 7 விழுக்காடும் என்று உள்ஒதுக்கீடு பிரிக்கப்பட்டது. அதை அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

நலத்திட்டம் ஒரு சமூகத்தைத் தூக்கிவிடுவதாலேயே அந்த மண்ணில் சமத்துவம் வந்துவிடுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் அமரவில்லை. தேர்தல் நடக்காது, நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். பிறப்பால் முத்திரை குத்தப்பட்ட வேதனையை அறிந்த மண்ணில் இது நடந்தது என்பது வலிக்கிறது. அதே காலத்தில் மேலூர் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30-ல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் பாய்ந்த மேலூரிலும் பாயாத உசிலம்பட்டியிலும் நாற்காலி விஷயத்தில் வேறுபாடு இல்லை. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசிய பிறகு 2006 அக்டோபரில் மூன்று ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2-ல் பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து அமர்ந்தார்.

இதே சமவெளியில் பட்டியல் கேட்காத நலத்திட்டமும் வளர்ந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியது. 1980-ல் மதுரை மேற்குத் தொகுதியில் வென்று மீண்டும் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. தட்டை நீட்டும் பிள்ளையிடம் சான்றிதழ் கேட்பதில்லை. சாதி ஒழியாத ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல; பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதே இங்கு ஒரு போராட்டம். ஆனால் பசியைத் தீர்க்கும் திட்டம், பறிபோன காவல் உரிமைக்கும் எட்டாத தண்ணீருக்கும் ஈடு ஆகாது. அதற்குப் பெயர் சொல்லிக் கேட்கும் பட்டியலும் வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் பட்ஜெட்டில், மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினரான நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்படும் என்று அறிவித்தார். 2024-ல் நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கப் பரிந்துரைத்தது. பிள்ளைகள் சாதிப் பெயர் சுமக்கக் கூடாது என்பது நியாயமான வாதம். பிரமலைக் கள்ளர் அமைப்புகளோ, பள்ளிகளின் நிலமும் வேலைவாய்ப்பும் ரத்தம் சிந்திய வரலாறும் பலகையோடு போய்விடும் என்று எதிர்த்தன. பெருங்காமநல்லூரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று நினைவுத்தூணுக்கு மாலை போட வருபவர்களில் பலர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்.